லிஸ்ட்ல யார் பேர்?

லாரி தானியம் வாங்கும் கிடங்கின் எடைமேடையில் ஏறி நின்றதும் மேலேயிருந்து ஓர் இரும்புக் கை இறங்கியது. கோயில் யானை துதிக்கையை நீட்டுகிற மாதிரி நிதானமாக வந்து, மக்காச்சோளக் குவியலுக்குள் நாலு இடத்தில் குத்தி எடுத்தது. உறிஞ்சிய மணிகள் குழாய் வழியாகச் சடசடவென்று ஆபீஸ் அறைக்குள் போய் விழுந்தன. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சிவப்பு எழுத்தில் 17.2 என்று காட்டியது.

"என்ன தம்பி அது?" என்றார் அப்பா.

"ஈரப்பதம்ப்பா. பதினஞ்சுக்கு மேல போனா காயவைக்கிற கூலியைக் கழிச்சுக்குவாங்க."

"இங்கேயுமா!" என்று சிரித்தவர் கையில் போனை வைத்திருந்தார். அந்த வாரம் முழுக்க அதில் ஒரே மாதிரி வீடியோக்கள்தான். 2025 அக்டோபர். மன்னார்குடி பக்கம், நீடாமங்கலம் பக்கம், ஒரத்தநாடு பக்கம் என்று ரோட்டோரம் நீளத்துக்குக் குறுவை நெல் குவியல். மழையில் நனைந்து முளை விட்டிருந்ததை யாரோ கையில் அள்ளி கேமராவுக்குக் காட்டுகிறார்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம்தான் வரம்பு, 22 வரை எடுத்துக்கொள்ள டெல்லி அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம். அப்பா சிவப்பு எழுத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்ம ஊரா இருந்தா கொட்டிக் காயவைன்னு சொல்லிருப்பாங்க. இவன் கழிச்சுக்கிட்டாவது எடுத்துக்கறான்."

அமெரிக்காவில் அவர் ஏதாவது ஒன்றைப் பாராட்டிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நயாகராவைப் பார்த்து "தண்ணி நல்லா வருது" என்றதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நாங்கள் இருப்பது இல்லினாய் மாநிலத்தின் நடுப்பகுதி. அங்கிருந்து சிகாகோ போகிற வழியில் வருவது லிவிங்ஸ்டன் கவுண்டி. "கவுண்டின்னா தாலுகாவா, மாவட்டமா?" என்று அப்பா கேட்டார். பரப்பில் சின்ன மாவட்டம், ஜனத்தொகையில் ஒரு பேரூராட்சியைவிடக் கொஞ்சம் பெரிது என்றேன். மொத்தமே முப்பத்தைந்தாயிரம் பேர் சொச்சம். தலைநகர் பொன்டியாக். கண்ணுக்கு எட்டிய வரை சோளம், சோயா, காற்றாலை. மைலுக்கு ஒரு ரோடு, அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி. நாலு ரோட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு சதுர மைல் 640 ஏக்கர். அப்பா எங்கள் பக்கத்து நில அளவில் மனக்கணக்குப் போட்டு, "நூறு வேலிக்குக் கொஞ்சம் கம்மி" என்றார்.

எங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவரைச் சோளக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அப்பா வைத்த பெயர் அது. கோடையில் ரோட்டோரக் கடையில் இவர் வீட்டுச் சோளம் வாங்கிப் பழகிய வகையில் எட்டு வருஷச் சிநேகம். வயது அறுபத்து மூன்று. அவர் செய்வது 1,400 ஏக்கர். எங்கள் பக்கத்துக் கணக்கில் இருநூறு வேலிக்கு மேல். இருநூறு வேலி என்றால் தஞ்சாவூர் ஜில்லாவில் அந்தக் காலத்துப் பெரிய பண்ணை, வாசலில் யானை கட்டிய வீடு. இவர் வீட்டு வாசலில் துருப்பிடித்த ஒரு பிக்கப் நின்றது. ஆட்கள் என்று பார்த்தால் அவர், அவர் மகன், அறுவடை மாதத்தில் லாரி ஓட்ட ஒரு மச்சான்.

அப்பாவை அறுவடை மிஷினில் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து ஒரு சுற்று கூட்டிப்போனார். இறங்கிய அப்பா முதலில் கேட்டது கண்டுமுதல், அதாவது விளைச்சல். ஏக்கருக்கு 210 புஷல் என்றார் சோளக்காரர். புஷல் மக்காச்சோளம் 56 பவுண்டு. ஐந்து டன்னுக்கு மேல் வருகிறது. அடுத்த கேள்வியை அப்பா என்னிடம் ரகசியம் கேட்பது போலக் கேட்டார். தமிழ் புரியாத இடத்திலும் குரலைத் தாழ்த்திக்கொள்வது அவர் வழக்கம்.

"அரசாங்கம் இவருக்கு என்ன தருதுன்னு கேளு."

சோளக்காரர் உரக்கச் சிரித்தார். "இந்த வாரம் ஒண்ணும் தராது. ஆபீசே பூட்டியிருக்கு."

உண்மைதான். பட்ஜெட் சண்டையில் அக்டோபர் 1 முதல் மத்திய அரசு அலுவலகங்கள் முடங்கிக் கிடந்தன. விவசாயிக்கு மானியம் தருகிற எஃப்.எஸ்.ஏ. (ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி) ஆபீஸ் பெரும்பாலான கவுண்டிகளில் உண்டு, ஏறக்குறைய நம் வேளாண் விரிவாக்க மையம் மாதிரி. அதற்கும் பூட்டு. வருஷா வருஷம் பெரிய பணம் வரும் மாதமே அக்டோபர்தான். 23-ஆம் தேதிக்கு மேல் ஆபீசுக்கு ரெண்டு பேர் என்று வைத்துத் திறந்தார்கள். முடக்கம் முழுசாகத் தீர நவம்பர் 12 ஆனது.

அந்த அக்டோபர் பணம் என்ன என்பதை அப்பாவுக்கு விளக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. பயிர்க்காப்பீட்டு மென்பொருளில் நாலு வருஷம் குப்பை கொட்டியவன் நான். அப்படியும் ரெண்டு தடவை தடுமாறினேன்.

ஏ.ஆர்.சி. (அக்ரிகல்ச்சர் ரிஸ்க் கவரேஜ்) என்று ஒரு திட்டம், 2014 சட்டத்தில் வந்தது. கவுண்டியின் சராசரி விளைச்சலை நாட்டின் சராசரி விலையால் பெருக்கி, ஐந்து வருஷத்துக்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பேச்சுக்கு 200 புஷல், நாலரை டாலர், ஆக ஏக்கருக்கு 900 டாலர். அதில் 86 சதவீதம், அதாவது 774 டாலர், உத்தரவாதம். ஒரு வருஷம் விலை 3.60-க்கு இறங்கி, கவுண்டியில் கண்டுமுதல் அதே 200 என்றால் வரவு 720. விடுபட்ட 54 டாலரை அரசாங்கம் தரும், அதுவும் 85 சதவீத ஏக்கருக்குத்தான். 2025-இல் சட்டத்தை மாற்றி உத்தரவாதத்தை 90 சதவீதமாக்கினார்கள். ஆளுக்கு 1,25,000 டாலர் என்றிருந்த உச்சவரம்பை 1,55,000 ஆக்கினார்கள்.

அப்பா எதையும் குறித்துக்கொள்ளவில்லை. ஆனால் சரியான இடத்தில் நிறுத்தினார்.

"இரு. இவர் வயல்ல என்ன வெளைஞ்சுதுன்னு யாரும் பார்க்கலையா?"

இல்லை. கவுண்டி சராசரிதான். இவர் வயலில் ஆலங்கட்டி மழை பெய்து தட்டையாகிப் போனாலும், சுற்று வட்டாரம் செழித்திருந்தால் இந்தத் திட்டத்தில் பைசா கிடையாது. அதற்கு அவர் தனியாகப் பயிர்க்காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அந்தப் பிரீமியத்திலும் பாதிக்கு மேல் அரசாங்கமே கட்டுகிறது.

"அப்ப நம்ம கயிறு கட்டுற கதைதான்" என்றார்.

எங்கள் பக்கம் நெற்பயிர்க் காப்பீட்டுக்கு வருவாய்க் கிராமம்தான் அலகு. ஊரில் நாலு வயலைத் தேர்ந்தெடுத்து, ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து அடித்து எடை போடுவார்கள். ஊர் முழுசுக்கும் அதுதான் தீர்ப்பு. "மேட்டு வயல்ல கயிறு விழுந்தா பள்ளத்துக்காரன் செத்தான்" என்பது அப்பா இருபது வருஷமாகச் சொல்லும் வசனம். அதை மொழிபெயர்த்ததும் சோளக்காரர் மேஜையைத் தட்டினார். மேடு பள்ளமே இல்லாத ஊர்க்காரருக்குக்கூட அது புரிந்தது.

அடுத்தது அடிப்படை ஏக்கர். இங்கேதான் விஷயம் வேடிக்கையாகிறது. பணம் போன வருஷம் போட்ட பயிருக்கு வருவதில்லை. முன்னொரு காலத்தில் அந்த நிலத்தில் என்ன பயிர் எத்தனை ஏக்கர் இருந்தது என்று ஆபீஸ் பதிவேட்டில் ஒரு கணக்கு உண்டு. கோதுமை என்று பதிவாகியிருந்தால், நீங்கள் பத்து வருஷமாகச் சோயா போட்டாலும் கோதுமைக் கணக்கில்தான் பணம். நிலம் கைமாறினால் அந்தப் பதிவும் கூடவே போகும். தாத்தா காலத்துச் சிட்டாவுக்கு உயிர் வந்து அது வருஷா வருஷம் சம்பளம் வாங்குகிற மாதிரி.

1996-இலிருந்து 2013 வரை இது இன்னும் அப்பட்டமாக இருந்தது. விலை ஏறினாலும் இறங்கினாலும், பயிர் வைத்தாலும் வைக்காவிட்டாலும், பதிவேட்டு ஏக்கருக்கு நேரடிப் பணம். டெக்சாஸில் ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமியை மனைபோட்டு விற்றார்கள். பின்வாசலில் புல்வெளியோடு வீடு வாங்கிக் குடிவந்தவர்களுக்கும் நெல்லுக்கான செக் தபாலில் வந்தது. 2006-இல் வாஷிங்டன் போஸ்ட் இதை விலாவாரியாக எழுதியது. விவசாயமே செய்யாதவர்களுக்குப் போன தொகை 130 கோடி டாலர் என்று அவர்கள் கணக்குக் காட்டினார்கள். அப்பாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. கோபமெல்லாம் இல்லை. "நெல்லே இல்லாம நெல்லுக்கா?" என்று ரெண்டு நாள் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருக்கும் மானியம். அவசரத்துக்கு என்று தருவது தனி. 2018 ஜூலையில் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீத வரி போட்டது. சந்தை சரிந்தது. வாஷிங்டன் அந்த வருஷம் சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர் கொடுத்தது. மக்காச்சோளத்துக்கு எவ்வளவு தெரியுமா? புஷலுக்கு ஒரு சென்ட். ஏக்கருக்கு ரெண்டு டாலர். "அதை வாங்கப் போய் வர்ற பெட்ரோல் காசு" என்றார் சோளக்காரர். அடுத்த வருஷம் முறையை மாற்றி, கவுண்டிக்குக் கவுண்டி ஏக்கருக்கு 15-இலிருந்து 150 டாலர் வரை விகிதம் போட்டார்கள். கவுண்டி எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, ரோட்டைத் தாண்டினால் வேறு. ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து சுமார் 2,300 கோடி டாலர். 2025-இல் அதே கதை திரும்பியது. மே மாதத்திலிருந்து சீனா ஒரு கப்பல் புது சோயாகூட வாங்கவில்லை. நாங்கள் லாரியில் போய்வந்துகொண்டிருந்த அக்டோபரில் அதுதான் ஊரெங்கும் பேச்சு. டிசம்பரில் 1,200 கோடி டாலர் அறிவித்தார்கள். மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 44.36, சோயாவுக்கு 30.88.

"எனக்கு செக் வேணாம், வாங்குற ஆள் வேணும்" என்றார் சோளக்காரர். இதை எல்லா விவசாயியும் சொல்வார்கள். செக்கையும் வாங்கிக்கொள்வார்கள். நான் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் செய்வேன்.

இன்னொன்று. இந்த நாட்டில் யாருக்கு எவ்வளவு மானியம் போனது என்பதை என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற தன்னார்வ அமைப்பு 1995-இலிருந்தான கணக்காகக் கவுண்டி வாரியாக, பெயர் வாரியாக இணையத்தில் போட்டுவைத்திருக்கிறது. அவர்கள் கணக்குப்படி பயிர் மானியத்தில் முக்கால் பங்குக்கு மேல் போவது மேல்தட்டு பத்து சதவீதம் பேருக்கு. ஒரு ராத்திரி சோளக்காரர் பெயரைத் தேடினேன். வந்தது. தொகையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மூடினேன். அவர் வீட்டுச் சோளத்தைத் தின்றுவிட்டு அவர் பாஸ்புக்கைப் புரட்டுகிற மாதிரி இருந்தது. அப்பாவிடம் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "நம்ம பி.எம். கிசானும் ஊர் வாரியா லிஸ்ட் இருக்கே, டீக்கடையில உக்காந்து எல்லாரும் பார்த்துட்டானுவோ." அதுவும் உண்மைதான். எங்கள் ஊர் லிஸ்டில் அப்பா பெயர் இருக்கிறது.

அங்கேதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

சோளக்காரரின் 1,400 ஏக்கரில் சொந்தம் 280-தான். மீதி குத்தகை. நடு இல்லினாயில் இது சகஜம். உழுபவர் ஒருவர், உடையவர் வேறு ஒருவர். இவருக்கு ஏழு நிலச்சொந்தக்காரர்கள். அதில் ஒரு அம்மாள் சிகாகோவில் இருக்கிறார், கணவர் போய்விட்டார், ஊர்ப்பக்கம் வந்து பல வருஷம். ரொக்கக் குத்தகை ஏக்கருக்கு 300 டாலருக்கு மேல். மழை பெய்தாலும் காய்ந்தாலும் அது மார்ச்சில் போய்விட வேண்டும். ரொக்கக் குத்தகையில் மானியம் உழுபவருக்குத்தான், சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் மானியம் வருகிறது என்று பேப்பரில் வந்தால் அது சிகாகோவிலும் வரும். அந்த அம்மாளின் நிலத்தை நிர்வகிக்கும் கம்பெனி அடுத்த குத்தகைப் பேச்சில் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும். "செக் என் பேர்ல வருது. என் கிட்ட எவ்வளவு நாள் தங்குதுங்கறது வேற விஷயம்" என்றார் சோளக்காரர்.

இந்த நாட்டில் விவசாய மானியம் தொடங்கியதே இந்தக் கோணலோடுதான். 1933, பெருமந்தம். விலை விழுந்தது அதிக விளைச்சலால் என்று, முளைத்து வளர்ந்த பருத்தியை உழுது மடக்கினால் பணம் தந்தார்கள். ஒப்பந்தம் நிலச்சொந்தக்காரரோடு. விளைச்சலில் பங்குக்கு உழுபவருக்குச் சேர வேண்டியதை அவர் பிரித்துத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. பலர் பழைய கடனுக்கு அதைக் கழித்துக்கொண்டார்கள். பருத்தி ஏக்கர் குறைந்ததும் ஆள் எதற்கு என்று குடிசையைக் காலி செய்யச் சொன்னவர்களும் உண்டு. 1934 ஜூலையில் ஆர்கன்சாவில் டைரன்சா என்ற ஊருக்குப் பக்கத்தில் பதினொரு வெள்ளையரும் ஏழு கறுப்பரும் உட்கார்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள், தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கம் என்று. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே சங்கத்தில் என்பது அந்தக் காலத்து ஆர்கன்சாவில் உயிருக்கு உலை. விவசாயத் துறையின் சட்டப் பிரிவில் சிலர், ஒப்பந்தம் போட்டவர் அதே குத்தகையாளர்களையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கம் எழுதினார்கள். 1935 பிப்ரவரியில் அவர்கள் வேலை போயிற்று.

இதை அப்பாவிடம் நான் ஒரு கதையாகத்தான் சொன்னேன். "கடனுக்குக் கழிச்சுக்கிட்டாங்க" என்கிற இடத்தில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்களுக்கு ஒன்பது மா நிலம். மூன்று ஏக்கர். அப்பாவுக்கு முட்டி போனதிலிருந்து வேறொருவர் செய்கிறார். அப்பாவை அவர் அண்ணே என்பார், நான் அவரைச் சித்தப்பா என்பேன். சொந்தம் இல்லை, ஊர் முறை. குத்தகை வாய்ப்பேச்சுதான், எழுத்து கிடையாது. எழுதிப் பதிந்தால் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில் அவருக்கு உரிமை வந்துவிடும், நிலத்தை மீட்க முடியாது என்பது எங்கள் பக்கத்து மிராசுகள் பெரிய சின்ன வித்தியாசமில்லாமல் கைவிடாத பயம். அதனால் அரசாங்கத்தின் கண்ணுக்கு அந்த ஒன்பது மாவில் உழுவது இன்றைக்கும் முட்டி தேய்ந்த என் அப்பாதான்.

2021 ஜனவரியில் அறுக்க ரெண்டு வாரம் இருந்த சம்பா மழையில் படுத்துவிட்டது. ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் இடுபொருள் மானியம் அறிவித்தார்கள். பெயரே இடுபொருள் மானியம். விதையும் உரமும் பூச்சிமருந்தும் வாங்கிப் போட்டது சித்தப்பா. பட்டா அப்பா பெயரில். 24,000 சொச்சம் அப்பா கணக்கில் வந்தது. பாதியைக் கொடுத்தார். பாதியை வைத்துக்கொண்டார். போனில் அப்போது என்னிடம் அவர் சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "முந்தின குறுவைக்குக் குத்தகை பாக்கி இருந்துச்சு தம்பி, அதுல கழிச்சுக்கிட்டேன்." நான் சரிப்பா என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. மாதம் பிறந்தால் டாலரில் சம்பளம் வாங்குகிறவன், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நவம்பர் 19. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவின் ஊர் சிம் கிணுங்கியது. கோயம்புத்தூரில் பிரதமர் பி.எம். கிசானின் 21-ஆவது தவணையை விடுவித்திருந்தார். இல்லினாயில் வெளியே பனி, உள்ளே ஹீட்டர், அப்பா ஸ்வெட்டரோடு சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருக்கிறார். மன்னார்குடிப் பக்கம் இருக்கும் ஒன்பது மாவுக்காக 2,000 ரூபாய் அவர் கணக்கில் ஏறிவிட்டது.

"டாலர்ல எவ்வளவு?" என்றார்.

"இருபத்திரண்டு, இருபத்து மூணு."

அவர் அந்த மெசேஜை அழிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தச் சிகாகோ அம்மா சோளக்காரர் வயலைக் கடைசியா எப்ப வந்து பார்த்துச்சாம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்த மாதக் கடைசியில் டிட்வா புயல் மழை. ஊரில் தாளடி நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, முழுசாகத் தண்ணீரில் இருந்தது. எங்களுக்குப் பொழுது விடிகிற நேரத்தில் சித்தப்பா வீடியோ காலில் வந்தார். இடுப்புவரை சேறு. வயலும் வாய்க்காலும் ஒன்றாகக் கிடந்ததைப் போனைச் சுற்றிக் காட்டினார். வடியுமா, நாற்று மிச்சம் இருக்கிறதா என்று அப்பா கேட்டார். அவர் பதில் சொன்னார். கடைசியில், பேச்சு முடிகிற சமயம், அவராகவே தயங்கிக்கொண்டு சொன்னார்.

"கணக்கெடுக்க வர்றாங்களாம்ண்ணே. சிட்டா நகல் கேப்பாங்க. லிஸ்ட்ல யார் பேர் போடச் சொல்ல?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"பத்தாந்தேதி வந்துடறேன்பா" என்றார். "வந்து பேசிக்குவோம். நீ மொதல்ல தண்ணிய வடிய வுடு."